கோபால்ட் கருவிக்குக் காத்திருக்கும் நாடுகள்

2016 மார்ச் மாத இறுதியில், உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் உள்ள முலாகோ மருத்துவமனையில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான கோபால்ட் கருவி நின்றுபோனது. 1995இல் சீனாவிலிருந்து வந்த கருவி அது. இனிப் பழுதுபார்க்க வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். சென்னையிலோ மதுரையிலோ ஒரு மருத்துவமனையில் கருவி பழுதானால் நோயாளியை இன்னொரு மருத்துவமனைக்கு அனுப்பிவிடலாம். முலாகோவில் அதற்கு வழி இருக்கவில்லை. நாடு முழுவதற்கும் இருந்த கதிர்வீச்சு சிகிச்சைக் கருவி அது ஒன்றுதான். ருவாண்டா, புருண்டி, தெற்கு சூடான் நோயாளிகளும் அதை நம்பித்தான் எல்லை தாண்டி வந்துகொண்டிருந்தார்கள்.

நைரோபியின் ஆகா கான் பல்கலைக்கழக மருத்துவமனை, 400 உகாண்டா நோயாளிகளுக்கு இலவசமாகச் சிகிச்சை தர முன்வந்தது. பெரிய உதவிதான். ஆனால், கதிர்வீச்சு சிகிச்சை ஒரே நாளில் முடிகிற காரியம் அல்ல. வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் இடைவிடாமல் எடுக்க வேண்டும். அத்தனை வாரமும் வேற்று நாட்டில் தங்கிச் சாப்பிட்டு, துணைக்கு ஒருவரையும் வைத்துக்கொள்ளும் வசதி எத்தனை குடும்பங்களுக்கு இருந்திருக்கும்? புதிய கருவி திறந்துவைக்கப்பட்டபோது 2018 ஜனவரி ஆகிவிட்டது. இடையில் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள். ஆரம்ப நிலையில் இருந்த கட்டி கைமீறிப் போக அதில் பாதிக் காலமே போதும்.

அந்தப் புதிய கருவியின் செலவை உகாண்டா அரசும், வியன்னாவில் இருக்கும் சர்வதேச அணுசக்தி முகமையும் பகிர்ந்துகொண்டன. அணுசக்தி முகமை என்றதும் ஈரானின் செறிவூட்டல் கூடங்களும், உக்ரைன் போருக்கு நடுவே ஸபோரிஷியா அணுமின் நிலையத்துக்குள் போன ஆய்வாளர்களும்தான் செய்தி வாசிக்கிறவர்களின் நினைவுக்கு வரும். அதே முகமைதான் கம்பாலாவில் புற்றுநோயாளிகளுக்கும், வங்கதேசத்தில் நெல் விவசாயிகளுக்கும், சான்சிபாரில் மாடு வளர்ப்போருக்கும் வேலை செய்திருக்கிறது. வளரும் நாடுகளுக்கு அணு அறிவியலால் கிடைக்க வேண்டிய முதல் பலன் மருத்துவமனையிலும் வயலிலும் மாட்டுக் கொட்டகையிலும் இருக்கிறது. அந்தப் பலன் இன்றும் பணக்கார நாடுகளின் விருப்ப நன்கொடையை நம்பி நடக்கிறது. இது மாற வேண்டும். மாற்றத்துக்காகக் குரல் கொடுக்கும் தகுதியும் கடமையும் இந்தியாவுக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டு நோயாளிகள் “கரண்ட் வைக்கிறார்கள்” என்று சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையைத்தான். உண்மையில், கோபால்ட் கருவிக்குள் சிகிச்சை தருவது மின்சாரம் அல்ல, ஓர் உலோகம். சாதாரணக் கோபால்ட்டை அணு உலைக்குள் நீண்ட காலம் வைத்து நியூட்ரான்கள் படவிட்டால் அது கோபால்ட்-60 ஆக மாறி, காமா கதிர்களை வீசத் தொடங்கும். அந்தக் கதிரைக் குறிபார்த்துக் கட்டியின் மேல் செலுத்தலாம் என்பதை 1951இல் கனடாவின் சாஸ்கட்டூன், லண்டன் என்ற இரு நகரங்களின் மருத்துவர்கள் செய்து காட்டினார்கள். பத்தாண்டு கழிவதற்குள் அந்தத் தொழில்நுட்பம் சென்னைக்கு வந்துவிட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில், 1950களின் பிற்பகுதியிலேயே கனடாவில் செய்த எல்டோராடோ கோபால்ட் கருவி இயங்கியது. ஆசியாவுக்கு வந்த முதல் கோபால்ட் கருவிகளுள் அது ஒன்று. சுதந்திரம் பெற்றுப் பத்தே ஆண்டான ஓர் ஏழை நாட்டின் நோயாளிகளுக்கு அன்று வெளிநாட்டு அறிவியல் கைகொடுத்தது.

இன்றைய பெரிய மருத்துவமனைகள் லீனியர் ஆக்சிலரேட்டர் என்ற கருவிக்கு மாறிவிட்டன. கதிர் இன்னும் துல்லியமாகப் பாயும். கதிரியக்கப் பொருளைச் சேமித்து வைக்கும் தொல்லையும் இல்லை. ஆனால், அதற்குத் தடையில்லாத மின்சாரம் வேண்டும், குளிரூட்டும் ஏற்பாடு வேண்டும், அழைத்த நேரத்தில் வந்து நிற்கும் பொறியாளர் வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில், உதிரிபாகம் கண்டம் தாண்டி வர வேண்டிய ஊரில், அந்தக் கருவி ஆண்டில் பல வாரங்கள் மூடியே கிடக்கும். கோபால்ட் கருவி எளிமையானது, பராமரிப்பும் குறைவு. அதற்கும் ஒரு குறை உண்டு. கோபால்ட்-60இன் வீரியம் 5.27 ஆண்டுகளில் பாதியாகிவிடும். இரண்டு நிமிடத்தில் முடிந்த சிகிச்சைக்கு நான்கு நிமிடம் ஆகும். வரிசை நீளும். குறித்த காலத்தில் கோபால்ட்டை மாற்றவில்லை என்றால், கருவி இருந்தும் பயன் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே, ஒரு கருவியை அன்பளிப்பாகக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு உதவி முடிந்துவிடுவதில்லை. தடித்த கான்கிரீட் சுவர் கொண்ட அறையை முதலில் கட்ட வேண்டும். கதிரின் அளவைக் கணக்கிட மருத்துவ இயற்பியலாளர் வேண்டும். கருவியை இயக்கப் பயிற்சி பெற்ற தொழில்நுட்பர்கள் வேண்டும். கதிரியக்கப் பொருளை யார் வைத்துக்கொள்ளலாம், எப்படிக் கண்காணிப்பது என்று சொல்லும் சட்டமும், அதை நடைமுறைப்படுத்தும் அலுவலகமும் நாட்டில் இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் மற்றவை வீண். இந்தச் சங்கிலியை முழுதாக அமைத்துக் கொடுக்கிற அனுபவம் சர்வதேச முகமைக்கு இருக்கிறது. தனித்தனி நாடுகளின் தூதரகங்களுக்கு அது கைவராது.

தேவையின் அளவைப் பார்த்தால் மனம் கனத்துப் போகும். புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிகிச்சையின் ஏதாவது ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. 2022இல் உலகம் முழுவதும் கருப்பைவாய்ப் புற்றுநோயால் சுமார் மூன்றரை லட்சம் பெண்கள் இறந்தார்கள். அவர்களில் 94 சதவீதம் பேர் ஏழை, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள். கதிர்வீச்சு நன்றாகப் பலன் தருகிற புற்றுநோய் அது. அதே 2022இல் உலகப் புற்றுநோய் தினத்தன்று அடிஸ் அபாபாவில், முகமையின் தலைமை இயக்குநர் ரஃபேல் குரோசி ‘நம்பிக்கைக் கதிர்கள்’ என்ற திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அப்போது ஒரு கதிர்வீச்சுக் கருவிகூட இல்லை. கருவி இல்லை என்பதற்காகவே இறந்துபோகும் பெண்களின் எண்ணிக்கை, எந்தப் போரின் கணக்கிலும் சேராது. அதனால்தான் உலகம் அதைப் பற்றிப் பதறாமல் இருக்கிறது.

அணு அறிவியலில் நாடுகளுக்கிடையேயான ஒத்துழைப்பின் கதை 1953 டிசம்பர் 8இல் ஐ.நா. பொதுச் சபையில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் ஆற்றிய உரையிலிருந்து தொடங்குகிறது. அழிவுக்குப் பயன்பட்ட ஆற்றலை வேளாண்மைக்கும் மருத்துவத்துக்கும் மின்சாரத்துக்கும் திருப்ப வேண்டும், அதற்கென ஓர் உலக அமைப்பு வேண்டும் என்றார் அவர். 1955இல் ஜெனீவாவில் நடந்த முதல் சர்வதேச மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இந்தியாவின் ஹோமி பாபா. 1957இல் முகமை பிறந்தது. அதன் சாசனம் இரண்டு பணிகளை அதற்குக் கொடுத்தது: அமைதி, உடல்நலம், வளம் ஆகியவற்றுக்கு அணுசக்தியின் பங்களிப்பை விரைவுபடுத்துவது ஒன்று, அந்த உதவி ராணுவத்துக்குத் திருப்பப்படாமல் பார்த்துக்கொள்வது இன்னொன்று. 1970இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தமும் இதே பேரத்தின் மேல் நிற்கிறது. ஆயுதம் வேண்டாம் என்று ஒதுங்கும் நாட்டுக்கு அமைதிப் பயன்பாட்டில் முழு உரிமையும் ஒத்துழைப்பும் உண்டு என்று அதன் நான்காவது பிரிவு உறுதி சொல்கிறது.

உறுதி காகிதத்தில் இருக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முகமையின் வழக்கமான பட்ஜெட்டுக்கு உறுப்பு நாடுகள் கட்டாயமாகச் சந்தா கட்டுகின்றன. அதில் மிகப் பெரிய பங்கு ஆய்வாளர்களின் சோதனைப் பணிக்குப் போகிறது. அது தேவையான செலவு. அதைக் குறைக்கச் சொல்வதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால், ஏழை நாடுகளுக்குக் கருவி வாங்கவும் பயிற்சி கொடுக்கவும் உள்ள தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிதி, விருப்பப்பட்டுக் கொடுக்கும் பணத்தால் நடக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பங்கு குறிக்கப்படுகிறது, கட்டாவிட்டால் கேட்பாரில்லை. சமீப ஆண்டுகளில் அந்த நிதியின் இலக்கே ஆண்டுக்கு ஒன்பது கோடி யூரோவை ஒட்டித்தான் இருந்திருக்கிறது. சுமார் 150 நாடுகள் அதைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

இதன் விளைவாக ஒரு விசித்திரமான பட்டியல் முகமையில் உண்டு. நிபுணர்கள் பரிசீலித்து, ஆளுநர் குழு ஒப்புதலும் கொடுத்து, பணம் இல்லாததால் கிடப்பில் இருக்கும் திட்டங்களின் பட்டியல் அது. யாராவது ஒரு நாடு தனியாகப் பணம் கொடுத்தால் ஒரு திட்டம் பட்டியலிலிருந்து எழுந்து வரும். 2010இல் அமெரிக்காவின் முன்முயற்சியில் தொடங்கிய அமைதிப் பயன்பாட்டு நிதி இப்படிப் பல திட்டங்களுக்கு உயிர் கொடுத்தது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால், கொடுக்கிற நாடு தனக்குப் பிடித்த திட்டத்துக்குத்தான் கொடுக்கும். ஒரு நாட்டில் ஆட்சி மாறினால், அரசியல் மாறினால், கை மூடிக்கொள்ளும். சோதனைக்குக் கட்டாயச் சந்தா, சிகிச்சைக்கு விருப்ப நன்கொடை என்ற இந்தப் பாகுபாடு பேரத்தின் ஒரு பாதியை மட்டும் நிறைவேற்றுகிறது.

பணம் வந்த இடங்களில் என்ன நடந்திருக்கிறது என்பதற்கு வங்கதேசத்தின் வடக்கே போக வேண்டும். ரங்பூர் வட்டாரத்தில் செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான காலத்தை ‘மொங்கா’ என்பார்கள். ஆமன் பருவ நெல் வயலில் நிற்கும். அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும். கூலி வேலை கிடைக்காது. வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும். ஆண்டுதோறும் வருகிற பட்டினி அது. மைமன்சிங் நகரில் உள்ள வங்கதேச அணு வேளாண்மை நிறுவனம் 2007இல் ‘பினாதான்-7’ என்ற நெல்லை வெளியிட்டது. அதன் தாய்வேர் வியட்நாமின் தாய் நுயென் நெல். காமா கதிரால் அதன் மரபுப் பண்பில் ஏற்பட்ட மாற்றங்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட ரகம், 115 முதல் 120 நாளில் அறுவடைக்கு வந்துவிடுகிறது. வழக்கமான ரகங்களைவிடச் சுமார் ஒரு மாதம் முன்பே கதிர் முற்றுகிறது. பட்டினி மாதத்திலேயே அறுவடைக் கூலி கிடைக்கிறது. நிலம் முன்னதாகக் காலியாவதால் உருளைக்கிழங்கோ கடுகோ போட முடிகிறது. மொங்காவைத் தணித்ததில் சாலைகளுக்கும் அரசின் நலத்திட்டங்களுக்கும் பங்குண்டு. இந்தக் குறுகிய கால நெல்லுக்கும் பங்குண்டு.

கதிர்வீச்சு என்றதும் அரிசியிலும் கதிரியக்கம் இருக்குமோ என்ற அச்சம் எழலாம். எக்ஸ்ரே எடுத்த கை கதிரியக்கம் கொண்டதாக மாறிவிடுவதில்லை, விதையும் அப்படித்தான். இயற்கையாகவே நடக்கிற மரபு மாற்றங்களை, காமா கதிர் விரைவாகவும் அதிகமாகவும் நடத்துகிறது. ஆயிரக்கணக்கான நாற்றுகளில் பயனுள்ள ஒன்றிரண்டைப் பொறுமையாகத் தேடி எடுப்பதுதான் விஞ்ஞானியின் வேலை. முகமையும் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பும் 1964 முதல் சேர்ந்து நடத்தும் பிரிவு இதற்குப் பயிற்சியும் விதைக் கதிரூட்டலும் அளித்துவருகிறது. உலகம் முழுவதும் இப்படி உருவான 3,400க்கும் மேற்பட்ட பயிர் ரகங்கள் அதன் பதிவேட்டில் உள்ளன. மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய நிலக்கடலை, உளுந்து ரகங்களை இந்திய விவசாயிகள் பல ஆண்டுகளாகப் பயிரிட்டு வருகிறார்கள்.

சான்சிபாரின் உங்குஜா தீவில் தொல்லை வேறு. செட்சி ஈ கடித்தால் மாடுகளுக்கு நாகனா என்ற நோய் வரும்; மாடு மெலிந்து, பால் வற்றிச் செத்துப்போகும். பூச்சிமருந்து மட்டும் பலன் தரவில்லை. தான்சானியாவின் டாங்கா நகரில் செட்சி ஈக்களை லட்சக்கணக்கில் வளர்த்து, ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கி, 1994 முதல் விமானத்திலிருந்து தீவின் மேல் விட்டார்கள். செட்சிப் பெண் ஈ பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறைதான் இணையும். மலட்டு ஆணோடு இணைந்தால் அதன் வம்சம் அத்தோடு முடிந்தது. எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மலட்டு ஈக்கள் விடப்பட்டன. 1996 செப்டம்பருக்குப் பிறகு காட்டு செட்சி ஈ ஒன்றுகூடப் பொறியில் சிக்கவில்லை. தீவில் பால் பெருகியது. உழவுக்கும் வண்டிக்கும் மாடு பூட்ட முடிந்தது.

மாடுகளைக் கொன்ற வெக்கை நோயின் முடிவும் இதே குடும்பத்துக் கதை. 1880களின் இறுதியில் அந்த நோய் எத்தியோப்பியாவின் மாடுகளைத் துடைத்தெறிந்து, உழ மாடில்லாமல் கொடும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது. இந்தியாவில் முக்தேஷ்வரில் கால்நடை ஆய்வகம் எழுந்ததற்கும் இந்த நோய் முக்கியக் காரணம். 2011இல் அது உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதர் ஒழித்த இரண்டாவது நோய். தடுப்பூசி போட்ட மாட்டுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டானதா என்று பார்க்க, ஆப்பிரிக்க ஆய்வகங்களுக்குச் சோதனைப் பொருள்களையும் பயிற்சியையும் கொடுத்தது மேற்சொன்ன கூட்டுப் பிரிவுதான்.

இவ்வளவு நன்மை இருந்தும் உலகம் ஏன் தயங்குகிறது? தயக்கத்துக்குக் காரணம் உண்டு. அதில் இந்தியாவின் பெயரும் இருக்கிறது. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்து, அமெரிக்கா கன நீர் அளித்து, 1960இல் டிராம்பேயில் இயங்கத் தொடங்கியது சைரஸ் ஆய்வு உலை. அமைதிப் பயன்பாட்டுக்கென வந்த உலை. அதில் உருவான புளூட்டோனியம்தான் 1974 மே 18இல் பொக்ரானில் வெடித்தது. அமைதி நோக்கத்துக்கான வெடிப்பு என்று இந்தியா சொன்னது, உலகம் ஏற்கவில்லை. கனடா ஒத்துழைப்பை முறித்துக்கொண்டது. அணுசக்தி விநியோக நாடுகள் குழு உருவானதே அந்த நிகழ்வுக்குப் பிறகுதான். தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் அனுப்புவதை அமெரிக்கா நிறுத்தியது. கனடா பாதியில் விட்ட ராஜஸ்தானின் இரண்டாவது உலையை இந்தியப் பொறியாளர்களே முடித்தார்கள். கல்பாக்கத்தின் முதல் உலையை 1983இல் சொந்தக் கையால் இயக்கிக் காட்டினார்கள். அந்தத் தற்சார்பு பெருமைக்குரியது. அதே வேளையில், அமைதிக்கென்று வாங்கியதை வேறு வழியில் பயன்படுத்தியதன் விலையை, பிற்பாடு உதவி கேட்டு வந்த நாடுகள் கூடுதல் நிபந்தனைகளாகச் சுமந்தன என்பதையும் இந்தியா ஒப்புக்கொள்ள வேண்டும்.

நம்பிக்கையைத் திரும்பப் பெற முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. பெலிண்டாபாவில் உள்ள சஃபாரி-1 ஆய்வு உலை, அமெரிக்காவின் அமைதித் திட்டத்தில் வந்து 1965இல் இயங்கியது. நிறவெறி அரசு ரகசியமாக ஆறு அணுகுண்டுகள் செய்தது. பிறகு அவற்றைத் தானே பிரித்துப் போட்டது. 1993இல் அதிபர் டி கிளர்க் அதை நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகச் சொன்னார். இன்று அந்த உலை மாலிப்டினம்-99 என்ற ஐசோடோப்பை உற்பத்தி செய்கிறது. இதயத்தையும் எலும்பையும் ஸ்கேன் செய்து பார்க்க உலகெங்கும் மருத்துவமனைகள் கேட்கும் பொருள் அது. அதைப் பெருமளவில் தயாரிக்கும் மிகச் சில உலைகளில் பெலிண்டாபாவும் ஒன்று. அர்ஜென்டினாவும் பிரேசிலும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்த நாடுகள். 1991இல் பரஸ்பரம் சோதனை செய்துகொள்ளும் அமைப்பை நிறுவின. அர்ஜென்டினா அல்ஜீரியாவுக்கும் எகிப்துக்கும் ஆய்வு உலை கட்டிக்கொடுத்து, கடைசியில் பணக்கார ஆஸ்திரேலியாவுக்கே சிட்னி அருகே உலை கட்டித் தந்தது. உதவி வடக்கிலிருந்து தெற்குக்கு மட்டும்தான் வரும் என்ற நினைப்பைக் கைவிட இது ஒன்றே போதும்.

மின்சாரம் தரும் பெரிய உலைகளைப் பற்றி இதே உற்சாகத்தோடு பேச முடியாது. பிலிப்பைன்ஸின் பட்டான் அணுமின் நிலையம் எச்சரிக்கையாக நிற்கிறது. மார்கோஸ் ஆட்சியில் அமெரிக்க நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் இருநூறு கோடி டாலருக்கு மேல் செலவழித்துக் கட்டி முடித்தார்கள். 1986இல் ஆட்சி கவிழ்ந்தது. செர்னோபில் விபத்தும் நடந்தது. ஒரு யூனிட் மின்சாரம்கூட அது தரவில்லை. அதற்கு வாங்கிய கடனை அந்நாட்டு மக்கள் 2007 வரை கட்டிக்கொண்டிருந்தார்கள். வங்கதேசத்தின் ரூப்பூரில் ரஷ்யா கட்டும் 2,400 மெகாவாட் நிலையத்துக்கும் செலவில் 90 சதவீதம் ரஷ்யக் கடன். 1,138 கோடி டாலர். பயன்படுத்திய எரிபொருளை ரஷ்யாவே திரும்ப எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் இருப்பது நல்ல ஏற்பாடு. 2018இல் இந்தியா, ரஷ்யா, வங்கதேசம் மூன்றும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி இந்திய நிறுவனங்களும் இந்தியப் பயிற்சியும் அங்கே சேர்ந்தன. கூடங்குளத்தில் இருப்பதும் அதே உலைக் குடும்பம்தான்.

அந்தக் கூடங்குளம் கற்றுக்கொடுத்த பாடமும் ரூப்பூருக்குப் போக வேண்டும். 1988இல் இந்திய, சோவியத் தலைவர்கள் இருவர் அந்த உலைகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஃபுகுஷிமா விபத்துக்குப் பிறகு 2011இல் இடிந்தகரை மீனவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, அந்தக் கையெழுத்து பதிலாக இருக்கவில்லை. விபத்து நடந்தால் எங்கே போவது, கடல் என்னாகும், கழிவை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டவர்கள் மேல் வழக்குகள் பாய்ந்தன. பக்கத்தில் வாழ்கிறவர்களிடம் முன்கூட்டியே உண்மையைச் சொல்லிச் சம்மதம் பெறாத எந்தச் சர்வதேச ஒத்துழைப்பும் பாதி ஒத்துழைப்புதான். 2025 ஜூனில் உலக வங்கி, அணுமின் திட்டங்களுக்குக் கடன் தருவதில்லை என்ற நெடுங்காலக் கொள்கையைத் தளர்த்தியது. 1959இல் இத்தாலிக்குக் கொடுத்ததுதான் அதன் ஒரே அணுமின் கடன். இனிக் கடன் எளிதாகலாம். ஏழை நாடுகளின் நிதி அமைச்சகங்கள் பட்டானை மறக்காமல் இருக்க வேண்டும்.

சிறிய கருவிகளிலும் ஆபத்து உண்டு. 1987இல் பிரேசிலின் கோயானியா நகரில், மூடப்பட்ட ஒரு சிகிச்சை மையத்தில் கைவிடப்பட்ட சீசியம் கருவியைப் பழைய இரும்பாக எடுத்துப்போய் உடைத்தார்கள். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த பொடியைக் குழந்தைகள் கையில் தடவிக்கொண்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைச் சோதிக்க வேண்டியிருந்தது. 2010இல் டெல்லி மாயாபுரி பழைய இரும்புச் சந்தைக்குக் கோபால்ட்-60 வந்துசேர்ந்து ஓர் உயிரைக் குடித்தது. கருவியைக் கொடுக்கும் நாளிலேயே, அதன் ஆயுள் முடிந்ததும் உள்ளே இருப்பதை யார் எடுத்துப் போவது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது இந்தியாவின் இடம் தெளிவாகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய ‘பாபாட்ரான்’ கோபால்ட் கருவி வெளிநாட்டுக் கருவிகளைவிட விலை குறைந்தது. மின்தடைக்கு ஈடுகொடுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. அதற்கு வேண்டிய கோபால்ட்-60 இந்திய அணுமின் உலைகளிலேயே தயாராகிறது. வியட்நாம், இலங்கையின் அம்பாந்தோட்டை, கென்யா, மடகாஸ்கர் என்று சில இடங்களுக்கு இந்தியா இக்கருவியைக் கொடுத்திருக்கிறது. தலைவர்களின் வெளிநாட்டுப் பயணங்களை ஒட்டி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கொடுக்கும் இந்த வழக்கம் போதாது. கருவி இல்லாத நாடுகளுக்கு ஆண்டுக்கு இத்தனை என்று திட்டமிட்டு, முகமையின் மேற்பார்வையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு கருவியோடும் பதினைந்து ஆண்டுக்கான கோபால்ட் மாற்றம், பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு, பராமரிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே போக வேண்டும்.

ஆட்களை உருவாக்குவது அதைவிட முக்கியம். பாகிஸ்தானின் அப்துஸ் சலாம், முகமையின் ஆதரவோடு 1964இல் இத்தாலியின் டிரியஸ்ட் நகரில் கோட்பாட்டு இயற்பியல் மையத்தைத் தொடங்கினார். ஏழை நாட்டு விஞ்ஞானி சில மாதம் அங்கே உலகத்தரத்தில் ஆய்வு செய்துவிட்டுத் தன் நாட்டுக்கே திரும்பிக் கற்பிக்கலாம் என்பது அவர் எண்ணம். அது பலித்தது. மருத்துவ இயற்பியலில் அப்படியொரு மையமாகச் சென்னை ஆக முடியும். அண்ணா பல்கலைக்கழகத்தில் மருத்துவ இயற்பியல் முதுநிலைப் படிப்பு நடக்கிறது. அடையாறிலும் வேலூரிலும் பல பத்தாண்டு அனுபவம் உள்ள துறைகள் இருக்கின்றன. வெளிநாட்டவருக்குப் பயிற்சி தரும் மத்திய அரசின் ஐடெக் திட்ட உதவித்தொகையில் ஆப்பிரிக்க, தெற்காசிய மாணவர்களுக்கு ஆண்டுதோறும் இடம் ஒதுக்கினால், சில ஆண்டுகளில் பல நாடுகளின் மருத்துவமனைகளில் இங்கே படித்தவர்கள் பொறுப்பேற்றிருப்பார்கள்.

முகமையின் ஆளுநர் குழுவில் இந்தியாவின் குரலுக்கு மதிப்பு உண்டு. தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிதியை விருப்ப நன்கொடையிலிருந்து கட்டாயச் சந்தாவுக்கு மாற்றும் தீர்மானத்தை இந்தியா முன்மொழிய வேண்டும். பணக்கார நாடுகள் ஒரேயடியாக ஒப்புக்கொள்ளாவிட்டால், முதல் கட்டமாகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான பங்கையாவது கட்டாயமாக்கக் கேட்க வேண்டும். தன் பங்கை உயர்த்திக் காட்டிவிட்டுக் கேட்டால் மறுப்பது கடினம். தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் இந்தக் கோரிக்கையை வரும் கூட்டத்தொடரிலேயே அணுசக்தித் துறையிடமும் வெளியுறவு அமைச்சகத்திடமும் எழுப்ப வேண்டும்.